பாதை எங்கே அறுந்தது என்று சொல்லுங்கள்

இணைய இணைப்புக் கெட்டுப்போனால் நமது நாட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "லைன் இருக்கிறதா, இல்லையா?" அதற்குச் சேவை வழங்குநரிடமிருந்து வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "எங்கள் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. மொடெத்தை ஒருதடவை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள்." கேள்வியும் போதாது, பதிலும் போதாது. 'இருக்கிறது', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளுக்கும் நடுவே எத்தனையோ நிலைகள் உள்ளன. அவற்றுள் எது நேர்ந்திருக்கிறது என்று அறிவது பொறியியலாளரின் தொழில் மட்டுமன்று. செய்தியை அனுப்புவோருக்கும், அதனைப் பெறுவோருக்கும், ஏன், ஒரு நாட்டின் குடிமக்கள் அனைவருக்கும் அது தேவையான அறிவு என்பதே எனது கருத்து.

நான் கலைப்பீடத்தில் படித்தவன். கணினி எனது துறையன்று. ஆனால், தொலைநகலில் தொடங்கி டயல்-அப், ஏ.டி.எஸ்.எல்., கைத்தொலைபேசி என்று ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த வழியினூடாகப் பத்திரிகைக்குச் செய்தி சேர்ப்பித்து வந்தவன் என்ற முறையில், செய்தி எழுதுவதைவிடச் செய்தியை அனுப்புவதே கடினமாக இருந்த நாட்களை நன்கறிவேன். எனவே, வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு இந்தத் தொழில்நுட்ப விடயத்தைப் படிக்கவேண்டும்.

டயல்-அப் காலத்து மொடெத்தின் கீச்சொலியை ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஒலி அடங்கியதும் 'இணைந்துவிட்டது' என்று மகிழ்ந்தோம். உண்மையில் அப்போதுதான் பயணமே தொடங்குகிறது. தொலைபேசி இணைப்பின்மீது இணையத்தைக் கொண்டுசெல்வதற்கென 1994இல் நியமமாக்கப்பட்ட பி.பி.பி. என்னும் நெறிமுறையில் மூன்று வாசல்கள் உள்ளன. முதலில் இரு முனைகளும் எவ்விதம் பேசிக்கொள்வது என்று தமக்குள் உடன்படவேண்டும். அடுத்துப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படவேண்டும். மூன்றாவதாகக் கணினிக்கு ஓர் ஐ.பி. முகவரி வழங்கப்படவேண்டும். இம்மூன்றும் முடிந்தாலும், கணினி தனது பொதிகளை எந்தத் திசையில் அனுப்புவது என்ற கேள்வி எஞ்சிநிற்கிறது. அதற்கு விடை தருவதுதான் பாதைப் பட்டியல்.

அலுவலகங்களில் அடிக்கடி ஏற்பட்ட சிக்கல் இந்த இடத்தில்தான். ஒரே கணினி அலுவலக வலையமைப்பிலும் இணைந்திருக்கும், டயல்-அப்பிலும் இணைந்திருக்கும். 'வேறெங்கும் குறிப்பிடப்படாத முகவரிகளையெல்லாம் இவ்வழியே அனுப்பு' என்று கூறும் பொதுவழி, ஒரு கணினியில் ஒன்றுதான் செயற்படவேண்டும். இரண்டு வந்துவிட்டால் பொதிகள் வெளியே செல்வதற்குப் பதிலாக, வெளியுலகை அறியாத அலுவலக வலையமைப்பினுள் சென்று மடியும். தொலைபேசி இணைந்திருக்கும், முகவரி கிடைத்திருக்கும், தொலைபேசிக் கட்டணமும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டிருக்கும். ஆனால், ஒரு பக்கமும் திறக்காது. இதனைக் கண்டறிவதற்கு மொடெத்தைத் தட்டிப் பயனில்லை. பாதைப் பட்டியலைத் திறந்து பார்க்கவேண்டும்.

முகவரி வேறு, பாதை வேறு என்பதை நம்மவர்களுக்கு விளக்குவது எளிது. 2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் என்ற முகவரி மாறிவிடவில்லை. கடிதத்தில் எழுதியது சரியாகவே இருந்தது. ஆனால் வவுனியாவுக்கு அப்பால் வழியில்லை. மக்களும் பொருட்களும் திருகோணமலையிலிருந்து கப்பலிலோ, இரத்மலானையிலிருந்து விமானத்திலோ செல்லவேண்டியதாயிற்று. போகும் வழி கிடைத்தவருக்குத் திரும்பும் வழி கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இருக்கவில்லை. இணையத்திலும் அப்படித்தான். பொதி ஒன்று போகும் வழியும் அதற்கான மறுமொழி வரும் வழியும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. நமது கேள்வி அங்கே சேர்ந்திருக்கலாம். பதில் வரும் வழி அறுந்திருக்கலாம். நமது திரையில் இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய கருவிகள் உள்ளன. 1983 டிசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல் அவற்றுள் ஒன்று. 'அங்கே இருக்கிறாயா?' என்று ஒரு சிறு பொதியை அனுப்பி, 'இருக்கிறேன்' என்ற மறுமொழிக்குக் காத்திருப்பதே அதன் வேலை. 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய 'டிரேஸ்ரூட்' இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு பொதிக்கும் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். பூச்சியமானால் பொதி அழிக்கப்பட்டு, அனுப்பியவருக்கு அறிவித்தல் செல்லும். ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக் கூட்டி அனுப்பினால், வழியிலுள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகத் தம்மை அறிவிக்கும். ஆனால், இந்தக் கருவிகளின் சாட்சியத்தையும் குறுக்கு விசாரணை செய்தே ஏற்கவேண்டும். இடையில் நட்சத்திரக் குறிகள் தோன்றினால் அந்த இடத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டக்கூடாது. பொதிகளை ஒழுங்காகக் கடத்திக்கொண்டே, தன்னைப்பற்றிக் கேட்டால் வாய் திறக்காத ரவுட்டர்களும் உண்டு. அவ்வாறே 'பிங் போகிறது' என்பது 'எல்லாம் போகிறது' என்பதற்குச் சான்றாகாது.

சுரங்க இணைப்பு என்று சொல்லப்படும் வி.பி.என். போன்ற ஏற்பாடுகளில் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரு பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்புவதே சுரங்கம். கடித உறையை மற்றொரு உறைக்குள் இட்டு ஒட்டுவதைப் போன்றது. 'எல்லாவற்றையும் சுரங்கத்தினூடாக அனுப்பு' என்று கட்டளையிட்டுவிட்டு, சுரங்கத்தின் மறுமுனைக்குச் செல்லும் வெளி உறையை மட்டும் வெளிவழியே அனுப்ப விலக்களிக்காவிட்டால், சுரங்கம் தன்னையே தனக்குள் அனுப்ப முயன்று இடிந்துவிழும். சில நொடிகள் இணைந்து, அறுந்து, மீண்டும் இணைந்து அறும் சுரங்கங்களுக்கு இது பழகிய காரணங்களுள் ஒன்று. வேறொரு சிக்கலும் உண்டு. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் யாரும் தமது வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ பாவித்துக்கொள்ள ஒதுக்கப்பட்டவை. வீட்டு வலையமைப்பும் அலுவலக வலையமைப்பும் ஒரே எண்ணிக்கைத் தொடரைப் பாவித்தால், அலுவலகச் சேவையகத்தைத் தேடும் கணினி அதனைத் தனது வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

இவையெல்லாம் தேடினால் அகப்படும் கோளாறுகள். அகப்படாத கோளாறு ஒன்றையும் நான் கண்டிருக்கிறேன். போர் மீண்டும் உக்கிரமடைந்திருந்த காலத்தில், வடபகுதி அலுவலகம் ஒன்றுக்கும் கொழும்பிலிருந்த ஆசிரியபீடத்துக்கும் இடையே இத்தகைய சுரங்க இணைப்பு ஒன்று இருந்தது. ஒருநாள் முதல் அதில் விசித்திரமானதொரு நிலை தோன்றியது. இரண்டு மூன்று வரிச் செய்திகள் வந்துசேர்ந்தன. நீண்ட செய்திகள் பாதியில் நின்றன. படம் ஒன்றேனும் வரவில்லை. இடம்பெயர்ந்த மக்களின் படங்கள் எடுக்கப்பட்டுக் கணினியில் கிடந்தன. பத்திரிகையிலோ அவற்றுக்கென ஒதுக்கிய இடத்தில் பழைய படங்கள் அச்சாகின. சேவை வழங்குநரைக் கேட்டால், "பிங் போகிறது, எங்கள் பக்கத்தில் கோளாறு இல்லை" என்ற பதிலே வந்தது. சின்னச் செய்தியை விட்டுப் பெரிய செய்தியையும் படத்தையும் மட்டும் யாரோ மறிக்கிறார்கள் என்ற பேச்சு அலுவலகத்தில் பரவிற்று. அன்றைய சூழ்நிலையில் அவ்வாறு ஐயுற்றவர்களைக் குறைகூற முடியாது. அங்கிருந்த செய்தியாளர் தாம் கண்காணிக்கப்படுவதாக நம்பினார். இனித் தமது பெயரை எந்தச் செய்தியிலும் இடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சில நாட்கள் எதையுமே அனுப்பாமலும் இருந்தார்.

இளந் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் வந்தார். பிங் பொதியின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அனுப்பிப் பார்த்தார். 1,400 பைட் வரை மறுமொழி வந்தது. அதற்குச் சற்று மேலே போனதும் மௌனம். "அண்ணை, ஒருத்தரும் மறிக்கேல்லை. பொதி பெரிசு, வாசல் சின்னன். அவ்வளவுதான்" என்றார்.

நடந்தது இதுதான். சாதாரண ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொதி 1,500 பைட் வரை இருக்கலாம். சுரங்கத்தின் வெளி உறைக்கும் இடம் வேண்டும். ஜி.ஆர்.ஈ. என்ற வகைச் சுரங்கத்துக்கு 24 பைட் போய்விடும். உள்ளே இருப்பதற்கு 1,476 பைட்தான் எஞ்சும். அந்த இணைப்பைச் சேவை வழங்குநர் தமது வலையமைப்புக்குள் மேலுமொரு சுரங்கத்தில் இட்டுக் கொண்டுசென்றிருந்தார். அதனால் வாசல் இன்னும் சிறுத்துவிட்டது. இதற்கு இணையத்தை வகுத்தவர்கள் வழியொன்று வைத்திருக்கிறார்கள். 1990 நவம்பரிலேயே வெளியான நியமத்தின்படி, தன்னால் கடத்தமுடியாத அளவில் பொதி வந்தால், அந்த ரவுட்டர் 'பொதி பெரிது, இவ்வளவாகக் குறைத்து அனுப்பு' என்று அனுப்பியவருக்கு ஒரு பிழைச்செய்தி அனுப்பவேண்டும். அந்த ரவுட்டரும் அதனை ஒழுங்காக அனுப்பியிருந்தது. ஆனால், வழியில் 'பாதுகாப்பு' என்ற பெயரில் நிறுவப்பட்டிருந்த வடிகட்டி ஒன்று, பிங்கை மட்டும் அனுமதித்துவிட்டு ஏனைய பிழைச்செய்திகள் அனைத்தையும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. அனுப்பிய கணினி, பொதி தொலைந்துவிட்டதென எண்ணி அதே பெரிய பொதியை மீண்டும் மீண்டும் அனுப்பிக் களைத்தது. இரு முனைகளிலும் பொதியின் அளவைக் குறைத்து அமைத்ததும் படங்கள் வரத்தொடங்கின. வலையமைப்புத் துறையினர் இவ்வகைக் கோளாறைக் 'கருந்துளை' என்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலேயே இதைப்பற்றி விரிவான எச்சரிக்கை வெளியாகியிருந்தது. பிழைச்செய்திகளை நம்பாமலே சரியான அளவைக் கண்டறியும் மாற்றுமுறை ஒன்றும் 2007இல் வெளியானது. பிழைச்செய்தியை மறிக்கும் பழக்கம் அவ்வளவு பரவிவிட்டிருந்தது என்பதே அதன் பொருள்.

வாசல் சிறியதாக இருந்தது குற்றமன்று. வாசல் சிறியது என்று சொன்ன குரலை அடக்கியதுதான் குற்றம். பிழை ஏற்படாத வலையமைப்பு உலகில் இல்லை. பிழையை அறிவிக்கும் வலையமைப்பைச் சீர்செய்யலாம். பிழையை விழுங்கும் வலையமைப்பில் ஊகமும் வதந்தியும் அச்சமுமே வளரும். அந்தச் செய்தியாளர் அஞ்சி ஒதுங்கிய சில நாட்களில் எழுதப்படாமற்போன செய்திகளை இனி எவராலும் திருப்பித்தர முடியாது.

இதற்கு மறுதலையான அனுபவமும் நமக்குண்டு. அப்போது கோளாறைத் தடை என்று எண்ணினார்கள். பின்னர் தடையைக் கோளாறு என்று எண்ணினார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கு வேளையிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. 2022இல் அத்தடை ஏறத்தாழ 15 மணித்தியாலங்கள் நீடித்தது. நள்ளிரவில் பேஸ்புக்கோ வாட்ஸ்அப்போ திறக்காதபோது எத்தனை பேர் கைத்தொலைபேசியை அணைத்து அணைத்துப் போட்டார்கள், எத்தனை பேர் தரவுப் பொதி முடிந்துவிட்டதென நினைத்து மீள்நிரப்பினார்கள் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே தெரியும். வி.பி.என். சுரங்கத்தினூடாகத் திறக்கிறது, வெளியே திறக்கவில்லை, ஏனைய தளங்களோ தடையின்றித் திறக்கின்றன என்று கண்டவர்களே இது பெரும்பாலும் தடைதான் என்று விரைவில் உணர்ந்தனர். அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்ஷவே, தாமும் வி.பி.என். மூலம்தான் பதிவிடுவதாகவும் இத்தகைய தடைகள் பயனற்றவை என்றும் டுவிட்டரில் எழுதினார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆயினும், சுரங்கம் முழுமையான விடுதலையன்று. சேவை வழங்குநரின் கண்ணிலிருந்து மறைக்கும் போக்குவரத்தைச் சுரங்கத்தை நடத்துபவரின் கையில் ஒப்படைக்கிறோம். நம்பிக்கை இடம்மாறுகிறதே தவிர, இல்லாமற்போவதில்லை.

தடை செய்வோர் அறியவேண்டிய பாடமொன்றை அயல்நாடு ஏற்கெனவே தந்திருக்கிறது. 2008 பெப்ரவரி 24ஆம் திகதி பாகிஸ்தானில் யூடியூபைத் தடுப்பதற்காக, அந்நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனம் யூடியூபின் 1,024 முகவரிகளுள் 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று தனது வலையமைப்புக்குள் அறிவித்தது. உள்நாட்டுக்குள் நிற்கவேண்டிய அந்த அறிவித்தல் ஹொங்கொங் நிறுவனமொன்றின் வழியாக உலகெங்கும் கசிந்தது. இரண்டு வழிகள் இருந்தால் குறுகிய, குறிப்பான அறிவித்தலையே ரவுட்டர்கள் ஏற்கும் என்பது விதி. எனவே உலகின் பல பாகங்களிலுமிருந்து யூடியூபை நாடியவர்களின் பொதிகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்று மறைந்தன. சீராவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. ஒரு நாட்டின் தடை உலகின் கோளாறாயிற்று.

நேர்மையாக அறிவித்தல் என்றால் என்ன என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் உலகெங்கும் முடங்கின. பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. அதனால் அதன் பெயர்ச் சேவையகங்களுக்கான வழிகள் உலகப் பாதைப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. சீர்செய்யச் சென்ற பொறியியலாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்தமையால் வேலை தாமதமாயிற்று. அந்த நிறுவனத்தின்மீது எனக்குப் பல விடயங்களில் விமர்சனம் உண்டு. ஆனால், கட்டளை எது, அதைத் தடுத்திருக்கவேண்டிய சோதனைக் கருவி ஏன் தடுக்கவில்லை, சீர்செய்ய ஏன் நேரமெடுத்தது என்பவற்றை அடுத்த நாளே பகிரங்கமாக எழுதி வெளியிட்டது. அதனைப் படித்து உலகெங்கும் பொறியியலாளர்கள் தமது வலையமைப்புகளைத் திருத்திக்கொள்ள முடிந்தது.

இவ்வாறெல்லாம் வெளியிட்டால் விஷமிகள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்று சேவை வழங்குநர்கள் வாதிடக்கூடும். கதவின் பூட்டை வரைந்து காட்டும்படி எவரும் கேட்கவில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று சொல்லும்படியே கேட்கிறோம். வாடிக்கையாளருக்கு விளங்காது என்பது இரண்டாவது வாதம். 2004 ஓகஸ்ட்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தி நாட்டின் இணைய இணைப்பு முடங்கியபோது, காரணம் அறிவிக்கப்பட்டதும் சாதாரண மக்கள் அதனை நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள். மின்வெட்டுக்குக் காரணமும் நேர அட்டவணையும் கேட்கும் மக்களுக்கு இணைப்புவெட்டுக்குக் காரணம் விளங்காது என்பது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும்.

ஆகவே, சேவை வழங்குநர்கள் செய்யவேண்டியது கடினமானதன்று. கோளாறு எந்த இடத்தில், எப்போது தொடங்கிற்று, யாரைப் பாதிக்கிறது, எப்போது சீராகும் என்று பொதுவில் அறிவிக்கவேண்டும். அரசின் உத்தரவால் ஒரு தளம் தடுக்கப்பட்டால், அது கோளாறன்று, தடை என்பதை அந்தத் தளத்தைத் திறக்க முயலும் இடத்திலேயே, உத்தரவிட்டவர் யார் என்பதோடு தெரிவிக்கவேண்டும். பிழைச்செய்திகளைக் கண்மூடித்தனமாக மறிக்கும் வடிகட்டிகளை நீக்கவேண்டும். இவற்றை மேற்பார்வை செய்வது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பொறுப்பு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஊடகவியலாளர்கள் அதனைக் காணி, கொந்தராத்து விவகாரங்களுக்கு மட்டுமன்றி இதற்கும் பயன்படுத்தவேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அடுத்ததடவை இணைப்புக் கெட்டால் "லைன் இல்லை" என்று மட்டும் முறையிடாதீர்கள். முகவரி கிடைத்திருக்கிறதா, எண் முகவரிக்குப் பிங் போய்ப் பெயருக்குப் போகவில்லையா, சிறியது போய்ப் பெரியது நிற்கிறதா, ஒரு தளமா அல்லது எல்லாத் தளங்களுமா, பக்கத்து வீட்டில் வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் எப்படி என்று பார்த்து, நேரத்தையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். குறிப்பான கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்வது கடினம். முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் கேள்வி கேட்டு நான் கண்ட உண்மை அது. சேவை வழங்குநர்களும் அதற்கு விதிவிலக்கல்லர்.